வேலிக்கு ஓணான் சாட்சி

டெத் வேலிக்குப் போகிறவர்கள் பொதுவாக டிரோனாவில் வண்டியை நிறுத்துவதில்லை. ரிட்ஜ்கிரெஸ்டில் பெட்ரோல் போட்டுக்கொண்டு 178-ஆம் எண் சாலையில் கிழக்கே வந்தால் சுமார் 40 கிலோமீட்டரில் அந்த ஊர் வரும். ஊருக்கு முன்பே வாசனை வந்துவிடும். அழுகிய முட்டையும் உப்பும் கலந்த மாதிரி ஒரு நெடி. கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "என்ன ஊர்ப்பா இது" என்று சொல்லிக்கொண்டே கடந்துவிடுவார்கள். 2021 அக்டோபரில் நானும் அப்படித்தான் கடந்திருப்பேன். ஒரு வேலி நிறுத்திவிட்டது.

வீடு இல்லாத வேலி. நான்கு பக்கமும் கம்பிவலை, முன்னால் ஒரு கேட், கேட்டில் துருப்பிடித்த பூட்டு. உள்ளே கான்கிரீட் தளமும் எங்கும் போகாத இரண்டு படிகளும் மட்டும். வீடு எரிந்ததா இடித்தார்களா தெரியவில்லை. யாரோ கடைசியாகப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எதைப் பூட்டினார்கள்? இறங்கி நாற்பது படங்கள் எடுத்தேன். அன்று டெத் வேலிக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது.

அதற்குப் பிறகு இர்வைனில் இருந்து மூன்றரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு டிரோனாவுக்கென்றே போக ஆரம்பித்தேன். மனைவி முதலில் சிரித்தாள். "ஊரெல்லாம் மலை, கடல்னு போறாங்க. நீ உடைஞ்ச வேலியப் பாக்கப் போற." சரியான கேள்விதான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஒருவர் வாழ்ந்த இடம் சிதைவதை, அந்தச் சிதைவில் எந்தப் பங்கும் நஷ்டமும் இல்லாத நான், அழகு என்று பார்க்கலாமா? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன்.

டிரோனா என்பது ஒரு கனிமத்தின் பெயர். சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் நீரும் சேர்ந்த உப்பு. சியர்ல்ஸ் ஏரி என்கிற வறண்ட ஏரியின் கரையில், அந்த ஏரியில் இருப்பதை எடுப்பதற்காகவே 1913-இல் கம்பெனி கட்டிய ஊர் இது. முதல் உலகப் போரில் ஜெர்மனியில் இருந்து பொட்டாஷ் வருவது நின்றபோது இந்த ஏரிக்கு மவுசு கூடியது. வீடு, கடை எல்லாம் கம்பெனியுடையது. கூலிகூட ஒருகாலத்தில் கம்பெனி கடையில் மட்டும் செல்லும் டோக்கனாக இருந்தது. இன்றும் தொழிற்சாலை ஓடுகிறது. ஏரியின் உப்புப் பாளத்துக்கு அடியில் இருக்கும் உவர்நீரைக் குழாய் போட்டு உறிஞ்சி, போராக்ஸ், போரிக் அமிலம், சோடா ஆஷ் எல்லாம் பிரிக்கிறார்கள். மண்ணில் உப்பு அதிகம் என்பதால் புல் வளராது. பள்ளிக்கூடத்துக் கால்பந்து மைதானமே வெறும் மண்தான். 2010 கணக்கெடுப்பில் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க 1,739 பேர்.

2019 ஜூலை 4-ஆம் தேதி 6.4, மறுநாள் 7.1 என்ற அளவில் இரண்டு நில அதிர்வுகள். அதிலிருந்து எழுந்திருக்காத வீடுகளைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். கலிஃபோர்னியாவில் சாதாரண வீட்டுக் காப்பீடு நில அதிர்வுக்குப் பொருந்தாது, அதற்குத் தனியாகக் கட்டவேண்டும். சிதைவுக்கு இப்படி ஒரு நிர்வாகக் காரணம் இருக்கிறது என்பது புகைப்படத்தில் விழாது.

இன்னொரு விஷயம் தெரிந்தபோது சிரிப்பு வந்தது. 2007 இறுதியில் இந்தத் தொழிற்சாலைகளை வாங்கியது குஜராத்தின் நிர்மா. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை டிவியில் வெள்ளை ஃப்ராக் போட்டுச் சுற்றிய அந்தப் பாப்பாவின் நிர்மாதான். சலவைத்தூளுக்கும் கண்ணாடிக்கும் சோடா ஆஷ் வேண்டும். ஆக, நான் டிரோனாவுக்கு "வெளியாள்" என்று சொல்லிக்கொள்வதுகூட அவ்வளவு சுத்தமான வாக்கியம் இல்லை.

பாலைவனத்தில் ஒரு பொருள் சாவது மற்ற இடங்களைப்போல இருக்காது. மழை இல்லை, அதனால் மரம் அழுகாது, வெடிக்கும். பெயர்ப்பலகையில் சிவப்பு முதலில் போகும், நீலம் கடைசி வரை நிற்கும். அதனால் பழைய பலகைகள் எல்லாமே தூரத்தில் இருந்து ஒரே குடும்பம் மாதிரி வெளிர் நீலமாகத் தெரியும். கம்பி மட்டும் உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். மாலை ஐந்து மணி வெயில் அந்தத் துருவின்மேல் விழும்போது பார்க்கவேண்டும். அது அழகுதான். இதை மறைத்துவிட்டு அறம் பேசினால் நான் பொய்யன்.

இரண்டாவது தடவை போனபோது ஒரு வீட்டை எடுத்தேன். ஜன்னல்களில் ப்ளைவுட் அடித்திருந்தது. முன்பக்கம் இரும்புக் குழாய்களை வெட்டிச் செய்த ஒரு கோணல் வேலி. வேலியில் ஒரு பலகை. கையால் எழுதிய எழுத்து வெளுத்துப்போய் ஒரு வளைவும் ஒரு கோடும்தான் மிச்சம். அலுவலகத்தில் வருடாந்திரப் புகைப்படப் போட்டிக்கு அதை அனுப்பினேன். தலைப்பு: 'யாரும் இல்லாத வீடு'. இரண்டாம் பரிசு கிடைத்தது. பெரிதாக அச்சடித்து காபி மெஷினுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். ஆறு மாதம் அதன் முன்னால் நின்றுதான் எல்லோரும் காபி குடித்தார்கள்.

இங்கே என் குடும்பக் கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது.

அப்பா பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில். தாத்தா சுரங்கத் தொழிலாளி. 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. வட ஆற்காட்டுப் பக்கமிருந்து போன ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அப்பா அதற்கு முன்பே பெங்களூருக்கு வந்துவிட்டார். அத்தை மட்டும் இன்னும் அங்கேதான்.

2018 கடைசியில் கேஜிஎஃப் படம் வந்தது. அதற்கப்புறம் ஊருக்கு கேமராக்கள் வந்தன. 2019-இல் ஒருநாள் அப்பா ஃபோன் பண்ணினார். குரலே சரியில்லை. "டேய், அக்கா வீட்டப் பேய் வீடுன்னு போட்டிருக்கான்டா எவனோ." வீடியோவைப் பார்த்தேன். டிரோன் ஷாட்டில் லைன் வீடுகள், சயனைடு கழிவு மலைகள், பின்னணியில் பயமுறுத்தும் இசை. பாதிக் கூரை போன ஒரு வரிசையைக் காட்டி, மனிதர்களே இல்லாத ஊர் என்றது குரல். பக்கத்து வீட்டு வாசலில் அத்தை அப்பளம் காயவைத்திருந்தார். ஃப்ரேமின் ஓரத்தில் அந்த வெள்ளைத்துணியின் நுனி ஒரு நொடி வந்து போனது. அத்தை வரவில்லை.

எனக்கு வந்த கோபம் சாதாரணமானது இல்லை. அந்த ஆளுக்கு நீளமாக ஒரு கமெண்ட் எழுதினேன். 'அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். நீங்கள் பார்க்கவில்லை என்பதற்காக அவர்கள் இல்லாமல் போய்விட மாட்டார்கள்.' நல்ல வாக்கியம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டே வருடத்தில் நான் டிரோனாவில் போய் அதே வேலையைச் செய்தேன். செய்யும்போது ஒரு தடவைகூட அந்த வீடியோ ஞாபகத்துக்கு வரவில்லை. யோசித்தால் இதுதான் எனக்கு பயமாக இருக்கிறது. நமக்கு நடந்தது பிறருக்கு நாம் செய்யும்போது தானாக ஞாபகம் வரும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. வராது. பாதிக்கப்பட்டவன் என்பது ஒரு தகுதிச் சான்றிதழ் இல்லை.

நான்காவது பயணம். அதே வீட்டின் முன்னால் வேறு வெளிச்சத்தில் எடுக்க நின்றிருந்தேன். எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஒரு அம்மாள் வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி.

"என்ன எடுக்கறீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கோபமில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"வேலி," என்றேன். அசட்டுத்தனமாக இருந்தது. ஃபோனில் பரிசு வாங்கிய படத்தை எடுத்துக் காட்டினேன். கொஞ்சம் பெருமைதான், மறுக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெருக்கமாகப் பார்த்தார்.

"மரம் எங்கே?"

வீட்டின் இடது மூலையில், பாதியாக வெட்டிய ஒரு பீப்பாயில் ஒரு மாதுளை நிற்கிறது. ஆளுயரம். அன்றைக்கு நாலைந்து காய்கூட இருந்தது. முதல் தடவையே அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இரண்டடி வலதுபக்கம் நகர்ந்து நின்றேன். அந்தப் பச்சை என் படத்தைக் கெடுத்தது. வெளிர் நீலமும் துருவும் இருக்கும் இடத்தில் பளிச்சென்று ஒரு பச்சை. 'யாரும் இல்லாத வீடு' என்ற தலைப்பு நிற்காது.

இதை அவரிடம் சொல்ல முடியவில்லை. "ஃப்ரேமில் வரலை," என்றேன்.

அவரே சொன்னார். அது அவருடைய தங்கையின் வீடு. நில அதிர்வில் அஸ்திவாரம் விரிசல் விட்டது, கண்ணாடிகள் போயின, தங்கை மகளோடு வெளியூருக்குப் போய்விட்டாள். மாதுளை தங்கை வைத்தது. உள்ளூர் மண்ணில் வராது என்று பீப்பாய்க்கு வெளியிலிருந்து மண் கொண்டுவந்தார்களாம். இவர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுகிறார். வேலி, இவருடைய கணவர் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட குழாய்களைக் கொண்டுவந்து பற்றவைத்தது. கோணலாக இருப்பது ஏன் என்று கேட்டேன். "அவருக்குப் பற்றவைக்கத் தெரியாது," என்று சிரித்தார்.

பலகையில் என்ன எழுதியிருந்தது? இதுதான் நான் அதிகம் கற்பனை செய்த விஷயம். அந்த வளைவையும் கோட்டையும் வைத்து ஒரு கவிதையே எழுதியிருந்தேன், நல்லவேளை எங்கும் அனுப்பவில்லை. தங்கை வீட்டிலேயே முடி வெட்டிவிடுவாளாம். 'முடி வெட்டப்படும், ஞாயிறு விடுமுறை.' மேட்ச் இருக்கும் நாளில் பள்ளிக்கூடப் பையன்கள் வரிசையில் நிற்பார்களாம்.

திரும்பி வரும்போது மூன்றரை மணி நேரமும் எனக்குள் வாதாடிக்கொண்டு வந்தேன்.

பொதுச்சாலையில் நின்று எடுத்தேன், சட்டப்படி தப்பில்லை. உண்மை. ஆனால் அத்தை வீட்டை எடுத்தவனும் பொதுச்சாலையில்தான் நின்றான். யாருக்கும் நஷ்டமில்லை. இதுவும் கிட்டத்தட்ட உண்மை. அந்த அம்மாள் காபி மெஷின் பக்கத்தில் என் படத்தைப் பார்க்கப்போவதில்லை. ஆனால் ஒருவர் இருக்கும்போதே அவர் இல்லை என்று சொல்வது, அவர் காதில் விழாவிட்டாலும், பொய்தான்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் பலமானது: நாம் எடுக்காவிட்டால் எல்லாம் அழிந்துவிடும், புகைப்படம் ஒரு சாட்சி. இதைச் சொல்லும்போதுதான் அந்தப் பழமொழி வந்தது. வேலிக்கு ஓணான் சாட்சி. ஓணான் வேலியிலேயே குடியிருப்பது, அதனால் அதன் சாட்சி செல்லாது. என் கேஸ் இன்னும் மோசம். அந்த வேலியால் எனக்குப் பரிசு, பாராட்டு, நான் ஒரு நுண்ணுணர்வுள்ள ஆள் என்கிற பெயர். வேலி இடிந்த நிலையில் இருப்பதுதான் எனக்கு லாபம். அதில் யாராவது பெயிண்ட் அடித்திருந்தால் நான் வருத்தப்பட்டிருப்பேன். சாட்சி சொல்ல வருகிறவன் முதலில் இதைச் சொல்லவேண்டும்.

பெரிய ஆட்களும் இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறார்கள். 1936-இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் டொரோத்தியா லாங்கே ஒரு கூலித் தொழிலாளித் தாயை எடுத்தார். உலகத்துக்கே தெரிந்த படம். லாங்கே அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற பெயர் வெளியே தெரிய நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்பதுதான் அவர் சொன்னது. வாக்கர் எவன்ஸ் கடைப்பலகைகளையும் சுவர் எழுத்துகளையும் அவ்வளவு நேசித்து எடுத்தவர். கடைசிக் காலத்தில் படம் எடுத்ததோடு நிற்காமல் பலகைகளையே கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இதை முதலில் படித்தபோது வேடிக்கையாக இருந்தது. இப்போது தோன்றுகிறது: பார்ப்பதும் எடுப்பதும் தமிழிலேயே ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. படம் 'எடுக்கிறோம்'. எங்கிருந்தோதான் எடுக்கிறோம்.

ஹ்யூபர்ட் ராபர் என்று ஒரு பிரெஞ்சு ஓவியர். இடிபாடுகளை வரைவதில் பெயர் எடுத்தவர். 1796-இல் லூவ்ர் அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தை அது கூரையிழந்து இடிந்து கிடப்பதாகக் கற்பனை செய்து வரைந்தார். அந்த அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர் அவர். அதனால் எனக்கு அவர்மேல் மரியாதை. இடிபாட்டின் அழகை நம்புகிறவன் தன் வீட்டையும் அப்படிப் பார்க்கத் துணியவேண்டும்.

சரி, அப்படியானால் உள்ளூர்க்காரன் எடுத்தால் மட்டும்தான் படமா? இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் வசதியாக இருக்கும். முடியவில்லை, அப்பாவின் ஆல்பம் குறுக்கே வருகிறது. கோலார் தங்கவயலைப் பற்றி அப்பாவிடம் கேட்டால் குட்டி இங்கிலாந்து என்பார். 1902-லேயே சிவசமுத்திரத்தில் இருந்து கரண்ட் வந்த ஊர் என்பார். கிறிஸ்துமஸ் கேக், ஃபுட்பால், கிளப் பேண்டு. ஆல்பத்திலும் அவைதான். தாத்தா கடைசி நான்கு வருடம் படுக்கவே முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருமிய படம் ஒன்றுகூட இல்லை. நுரையீரல் முழுக்க பாறைத்தூள். அதை அப்பா ஃப்ரேமுக்கு வெளியே வைத்திருக்கிறார். நான் மாதுளையை வெட்டினேன், அப்பா இருமலை வெட்டினார். வெளியாள் உயிரை வெட்டுகிறான் என்றால், உள்ளூர்க்காரன் வலியை வெட்டுகிறான். இரண்டில் அப்பா செய்தது மன்னிக்கத்தக்கது, அவருக்கு அந்த வலியோடு வாழவேண்டியிருந்தது. ஆனால் உண்மை என்று பார்த்தால் இரண்டுமே அரைப்படம்.

என் தொழிலில் இருந்து ஒன்று. முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் ஒரு பழைய மாட்யூலை 'டெட் கோடு' என்று தூக்கினேன். லாகில் பத்து மாதமாக யாரும் அதைக் கூப்பிடவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள், நாலாயிரம் வரி குறைந்தது. மார்ச் 31 ராத்திரி ஃபோன் வந்தது. வருடத்துக்கு ஒரே ஒருமுறை, கணக்கு முடிக்கும் அன்று மட்டும் ஓடுகிற கோடு அது. 'பயன்பாட்டில் இல்லை' என்பது கோடைப் பற்றிய உண்மை என்று நினைத்தேன். நான் எவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைப் பற்றிய உண்மை அது. 'கைவிடப்பட்ட' என்ற சொல்லும் அதே ரகம். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் ஒரு வாளித் தண்ணீர், நான் போன மூன்று நாளும் என் லாகில் பதிவாகவில்லை. அவ்வளவுதான்.

அதற்காகப் படம் எடுப்பதை விட்டுவிட்டேனா? இல்லை. யாருமே பார்க்காமல் இருப்பது அந்த ஊருக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடந்து போகிறவர்களும் அந்த ஊரை இல்லாததாகத்தான் ஆக்குகிறார்கள். பார்ப்பதில் தப்பு இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நமக்கு வேண்டிய முடிவுக்கு ஒத்துவராத ஒன்று கண்ணில் பட்டு, இரண்டடி நகர்கிறோமே, அந்த இரண்டடியில்தான் தப்பு இருக்கிறது. இப்போது எனக்கு ஒரே ஒரு பழக்கம். படத்தைக் கெடுக்கிற பொருள் எது என்று பார்த்து, அதை உள்ளே வைக்கிறேன். யாராவது இருந்தால் கேட்கிறேன். யாரும் இல்லாவிட்டால் 'நான் போனபோது யாரையும் பார்க்கவில்லை' என்று மட்டும் எழுதுகிறேன். படங்கள் முன்பைவிடச் சுமார்தான். இந்த வருடம் பரிசு இல்லை.

காபி மெஷின் பக்கத்தில் இருந்த படத்தைக் கழற்றச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். தலைப்பு தப்பு என்றேன். தலைப்பை மாற்றிக்கலாமே என்றார்கள். படமும் தப்பு என்று விளக்குவதற்குள் மீட்டிங் வந்துவிட்டது. கழற்றிவிட்டார்கள்.

போன நவம்பரில் மறுபடி போனேன். மாதுளையோடு எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அந்த அம்மாளுக்குக் கொண்டுபோனேன். வாங்கிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லவில்லை. "இந்த வேலிக்குப் பெயிண்ட் அடிக்கணும்," என்றார். தங்கைக்கு அனுப்ப இன்னொரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். இரண்டு பழம் பறித்துக் கொடுத்தார். உப்பு ஊரில் விளைந்தது, இனிப்பு கொஞ்சம் கம்மிதான்.

அதே படத்தை அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். எந்த ஊர், என்ன கதை எதுவும் சொல்லவில்லை. பத்து நிமிடம் கழித்து ஃபோன் பண்ணினார்.

"டேய், வீடு அடைச்சிக் கெடக்கு. அந்த மரத்துக்கு யாருடா தண்ணி ஊத்தறாங்க?"